தேதிவாரியாக அடுக்கிய அலமாரி

1936 டிசம்பர் 21, திங்கள்

உள்ளறையைக் காலி செய்தாக வேண்டும் என்று குழந்தையம்மாள் காலையில் காப்பித் தம்ளரை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள். நஞ்சுண்டனுக்கு ஜனவரி இருபத்தைந்தாம் தேதி கல்யாணம். பெண் சென்னிமலைப் பக்கம். வருகிறவளுக்கு அந்த அறை. எனக்கும் இவளுக்கும் முன்னறை.

"கட்டல நகத்த ரெண்டாளு போதுமுங்க. அந்த அலமாரியத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

சுவரில் பதித்த தேக்கு அலமாரி. ஆறு தட்டு. துணி வைப்பதற்கென்று கட்டியது. என் வேட்டி சட்டை ஒரு தட்டில் இருக்கின்றன. மற்ற ஐந்தும் காகிதம். இருபத்து நாலு வருஷமாக இவள் சேலைகள் கட்டிலுக்கு அடியில் இரண்டு தகரப் பெட்டியில் கிடக்கின்றன. இன்று அதையும் சொல்லிக் காட்டினாள். சொல்லட்டும்.

வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நானே எடுப்பேன், நானே அடுக்குவேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பாக அலமாரி காலியாக இருக்கும்.

டிசம்பர் 22

மேல் தட்டு, தலைமையாசிரியர். என்னைத் தாண்டி எனக்கு ஒன்பது வருஷம் இளையவனை தமக்குப் பிறகு தம் நாற்காலியில் உட்கார வைத்த மனிதர். மனுக்கள், பதில்கள், என் ராஜினாமாவின் நகல். நான் எழுதும் எந்தக் கடிதத்துக்கும் நகல் வைத்துக்கொள்வேன். வேலையை விட்டு ஐந்து வருஷம் ஆகியும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இரண்டாம் தட்டு, பக்கத்து வீட்டுக்காரர், சுவர் விவகாரம். மூன்றும் நான்கும் என் அண்ணன் சுப்பண்ணன். மூன்றில் அவர் எழுதியவை, நான்கில் நான் எழுதியவற்றின் நகல்கள். ஐந்தாவதில் பரீட்சை வேலை சம்பந்தப்பட்டவை, சில்லறை.

அண்ணன் தட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

டிசம்பர் 24

கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் வந்திருந்தார். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இணைச்சீருக்கு யாருங்க நிக்கறது?" என்று கேட்டார்.

எதிர்பார்த்த கேள்விதான். மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவள் கையில், மற்றது அவன் கையில். அது நடக்காமல் தாலி இல்லை. நஞ்சுண்டனுக்கு உடன்பிறந்தாள் கிடையாது. அப்படியானால் பங்காளி வீட்டுப் பெண். முதலில் வருகிறவள் அண்ணன் மகள் மாரியாத்தாள்.

சரவணம்பட்டியில் ஒன்றுவிட்ட தம்பியின் மகள் இருக்கிறாள், அவளைக் கூப்பிடுகிறேன் என்றேன்.

"கூடப் பொறந்த அண்ணன் மக குத்துக்கல்லாட்ட இருக்கறப்பங்களா?" என்றார்.

"இருந்தா இருக்கட்டும்" என்றேன்.

அவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். குழந்தையம்மாள் உள்ளே பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள்.

டிசம்பர் 25

என்னைக் கல்நெஞ்சன் என்று ஊரில் பேசுகிறார்கள். காரணம் யாருக்கும் வேண்டாம். ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

தகப்பனுக்கு மூத்தவனும் தாய்க்கு இளையவனும் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். இளையவன் நான். 1926 மே மாதம் நான் சென்னையில் பரீட்சைத் தாள் திருத்தப் போயிருந்தபோது பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அம்மாவுக்குக் காலரா கண்டது. அண்ணன் கொடுத்த தந்தி என் கைக்கு வந்தது புதன்கிழமை சாயந்திரம். அன்றிரவே மெயில் ஏறி வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தேன். சாம்பல்தான் இருந்தது. புதன் விடியலில் உயிர் போயிருக்கிறது. அன்று பொழுது சாய்ந்ததும் அண்ணன் தானே கொள்ளி வைத்துவிட்டார். ஒரு ராத்திரி பொறுக்க முடியவில்லை அவரால்.

"இனி உமக்கும் எனக்கும் பங்காளி உறவு இல்லை" என்று எழுதினேன். இரண்டு வருஷம் கழித்து மாரியாத்தாள் கல்யாணத்துக்கு அழைக்க அவர் தாம்பூலத் தட்டோடு வந்தபோது இந்த அறையைவிட்டு நான் வெளியே வரவில்லை. கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

இதில் என் தவறு எங்கே?

டிசம்பர் 27, ஞாயிறு

தச்சர் மைதீன் பிச்சை வந்தார். கதவுக்குக் கண்ணாடி பதிக்க வேண்டுமாம், மருமகளுக்கு. அலமாரியைத் திறந்து பார்த்தார்.

"வாத்தியாரய்யா, இது துணி வெக்கற அலமாரிங்களா, கோர்ட்டுல ரிக்கார்டு வெக்கற ரூமுங்களா?"

"வேலையைப் பாரும்."

"பாக்கறனுங்க. ஆனா எனக்கு முன்னாடியே ஒருத்தன் பாத்துட்டுப் போயிட்டானுங்களே" என்று உளியால் நான்காம் தட்டைத் தட்டினார். பலகை அப்பளம் போல நொறுங்கியது. கரையான். என் நகல்களில் ஒரு கட்டு விளிம்பெல்லாம் தின்றுபோய்விட்டது.

"நல்லாப் படிச்ச கரையானா இருக்குமுங்க. இங்கிலீஸ்ல எழுதுனதையும் உடல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தையம்மாள் சிரித்தாள். நான்காவதும் ஐந்தாவதும் புதுப் பலகை போட வேண்டும். அதுவரை இரண்டு தட்டுக் காகிதமும் தரையில்.

டிசம்பர் 29

இடம் போதாது. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். வந்த கடிதம் ஒரு கட்டு, போன கடிதம் ஒரு கட்டு என்று பிரித்து வைத்ததுதான் இவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது. இரண்டையும் கலந்து தேதிவாரியாக அடுக்கி, ஆளுக்கு ஒரே கட்டாகத் தைத்து, ஒரு டிரங்குப் பெட்டியில் அடக்கிவிடலாம். எந்தக் கோர்ட்டு கச்சேரியில் கேட்டாலும் தேதியோடு எடுத்து வைக்கலாம்.

தலைமையாசிரியர் கட்டு முடிந்தது. தேதிவாரியாகப் படிக்கும்போது அவர் குற்றம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

டிசம்பர் 30

சரவணம்பட்டியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். மூத்தவர் மகள் இருக்கத் தங்கள் பெண்ணை நிறுத்துவது நன்றாக இருக்காதாம். அண்ணன் ஏதாவது சொல்லிவிட்டிருப்பார்.

சாயந்திரம் நஞ்சுண்டன் மில்லிலிருந்து வந்ததும் கேட்டேன். அவன் நேராகவே சொன்னான்: "பெரியப்பா ஒண்ணுஞ் சொல்லலீங்கப்பா. நாந்தான் போய்ச் சொல்லிப்போட்டு வந்தேன். மாரியக்கா நிக்கறதுன்னா நிக்கட்டும். இல்லீன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாமுங்க."

பல்லடம் பக்கம் கிணறுகளுக்கு மோட்டார் மாட்டப் போகும்போதெல்லாம் இவன் மாரியாத்தாள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான். நாலு வருஷமாக! இவன் அம்மாவுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

1937 ஜனவரி 1

பேச்சு இல்லை இன்று யாரோடும்.

ஜனவரி 2, சனி

அண்ணன் கட்டை எடுத்தேன். எண்ணிப் பார்த்தால் அவர் எழுதியவை பதினோரு கார்டுதான். ஒன்று மாரியாத்தாள் கல்யாணச் செய்தி. மற்ற பத்தும் வருஷத்துக்கு ஒன்று, ஒரே வாசகம்: 'தம்பிக்கு. வைகாசியில் அம்மா திதி. வந்து சேரவும். சுப்பண்ணன்.' நான் இவற்றுக்கு மேலே சீட்டு ஒட்டி 'குத்தல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். என் நகல்கள் நாற்பத்தொன்று. ஊர்ப் பெரியவர்களுக்கு எழுதியதும் அதில் சேர்த்தி.

கட்டு குறையில்லாமல் இருக்க வேண்டும். 1926 மே மாதத்தில் நான் சென்னையிலிருந்து எழுதியவை ஒன்றும் இதில் இல்லை. குழந்தையம்மாள் அப்போது ஊரில் அம்மாவோடு இருந்தாள், அவளுக்கு எழுதியிருப்பேன். அவள் தன் கடிதங்களைப் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறாள். கேட்டேன்.

"அது எதுக்குங்க? அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

"அடுக்க வேண்டும்."

"எல்லாத்தையும் அடுக்கித்தான் ஆவோணுமுங்களா?"

ஆகத்தான் வேண்டும் என்றேன். டப்பாவைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஜனவரி 3, ஞாயிறு

டப்பாவில் ஒரு கார்டு. அப்படியே எழுதிக்கொள்கிறேன். என் கையெழுத்துதான். சந்தேகமே இல்லை.

'சென்னை, 11-5-26, செவ்வாய். குழந்தைக்கு. அண்ணன் தந்தி இன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் கிடைத்தது. அம்மாவுக்கு முன்பும் இப்படி வந்து தெளிந்திருக்கிறது. எனக்கு இன்னும் நாற்பது தாள் பாக்கி. பாதியில் விட்டுவிட்டு வந்தால் அடுத்த வருஷம் கூப்பிடமாட்டார்கள். முடித்துக்கொண்டு நாளை இரவு மெயிலில் புறப்படுகிறேன்.'

செவ்வாய்க்கிழமை.

செவ்வாய் ராத்திரி மெயில் ஏறியிருந்தால் புதன் காலையில் கோயமுத்தூர். உச்சிப் பொழுதுக்குள் ஊர். பொழுது சாயும்வரை அம்மா அங்கேதான் இருந்தாள்.

மறந்துவிட்டேனா? — இல்லை. இதை எப்படி மறக்க முடியும்? வியாழக்கிழமை வண்டியைவிட்டு இறங்கி, சாம்பலைப் பார்த்து, எல்லோரும் என்னைப் பார்த்தபோது, 'தந்தி நேத்துச் சாயங்காலந்தான் வந்துச்சு' என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம் அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிப்போட்டேன். பத்து நாளைக்கு முன்னால இந்த நோட்டுலயே எழுதியிருக்கறனே! எனக்கு நானே, யாருங் கேக்காமயே பொய் எழுதியிருக்கறனே.

நாப்பது தாளு. எந்தப் பசங்க தாளோ.

ஜனவரி 4

அலமாரியைத் தொடவில்லை.

ஜனவரி 6, புதன்

குழந்தையம்மாளிடம் கேட்டுவிட்டேன். இந்தக் கார்டில் என்ன இருக்கிறது என்று தெரியுமா?

"தெரியுமுங்க."

"எப்போதிருந்து?"

"கார்டு வந்த அன்னிக்கே. நீங்க கெணத்துக்குக் குளிக்கப் போனீங்க. தபால்காரரு உங்கண்ணங்கிட்டக் குடுத்தாரு. அவரு படிச்சுப்போட்டு, எங்கையில குடுத்து, 'இத வெச்சுக்க அம்மணி, அவங்கிட்டக் காட்டாத, தாங்கமாட்டான்'னாரு."

அவருக்குத் தெரியும். நான் அவருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் நாற்பத்தொரு கடிதம் எழுதினபோதும் தெரியும்.

"நீயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா எங்கோடயும் பேச்ச உட்டிருப்பீங்க. அப்பறம் இந்த ஊட்டுல நான் யாரோட பேசறது, அலமாரியோடயா?"

அடுப்பில் பால் பொங்கிற்று. எழுந்து போய்விட்டாள்.

ஜனவரி 10

இரண்டு வழி இருக்கிறது. கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு ஏதாவது பங்காளிப் பெண்ணைத் தேடலாம். அல்லது போகலாம்.

கிழிக்க எடுத்தேன். வாழ்நாளில் ஒரு காகிதம்கூடக் கிழித்ததில்லை நான். இதை முதலாவதாகக் கிழிப்பதா?

பொங்கல் கழிந்ததும் போகிறேன். முடிவு செய்தாயிற்று.

ஜனவரி 17, ஞாயிறு

காலை பஸ்ஸில் பல்லடம், அங்கிருந்து நடை. அண்ணன் களத்தில் அடுப்பெரிக்கக் காய்ந்த பருத்தி மார் கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார். "வா. உக்காரு. தண்ணி குடி" என்றார், நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனவனிடம் சொல்வதுபோல.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது.

"அண்ணா, தந்தி செவ்வாக்கெழமையே வந்துச்சுங்க."

"தெரியும்."

"புதங்கெழமைன்னு ஊரெல்லாஞ் சொன்னனுங்க."

"அதுந் தெரியும்."

"நீங்க ஏனுங்க ஒருத்தருகிட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? ஆத்தா கெடையில கெடக்கறப்ப எந்தம்பி பேப்பரு திருத்திக்கிட்டிருந்தான்னா? எனக்கல்லோ கேவலம்." மார்க் கட்டை முழங்காலால் அழுத்தி முடிச்சுப் போட்டார். "விடியால போன உசுரு. ஊர்ல அத்தனை பேரும் காலரா, எடுங்க எடுங்கன்னு கத்துறாங்க. பொழுது எறங்கற மட்டும் முடியாதுன்னுட்டேன். வண்டிச் சத்தங் கேட்டா எந்திரிச்சுத் தடத்தப் பாக்கறது, உக்காருறது. வந்ததெல்லாம் வேற வண்டி."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். "என்னக் கேக்காத, அவளக் கேளு" என்று வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

பொங்கலுக்கு வந்திருந்த மாரியாத்தாள் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளைக் கடைசியாகப் பாவாடை சட்டையில் பார்த்தது. இப்போது இடுப்பில் ஒரு குழந்தை.

"நஞ்சுண்டன் எந்தம்பிங்க. அவனுக்கு நான் நிக்காம யாரு நிக்கறது? அதுல பேச்சில்லீங்க" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆனா ஒண்ணு. எங்கல்யாணத்துல முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கற மட்டும் எங்கப்பா தடத்தையே பாத்துட்டிருந்தாரு. வந்த சனமெல்லாம், தம்பி கொள்ளியப் புடுங்குனவன், அதான் தம்பி வரலீன்னு காதுபடப் பேசுச்சுங்க. அதே சனந்தான் உங்க பந்தலுக்கும் வரும். சீருக்கு மின்னாடி, அத்தன பேருங் கேக்க, எங்கப்பா ஏன் கொள்ளி வெச்சாருன்னு நீங்க சொல்லோணும். சொன்னீங்கன்னா சேலையப் புடிப்பேன்."

"அதெல்லாம் வேண்டாங் கண்ணு" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு வேண்டாமுங்கப்பா. எனக்கு வேணும்."

சரி என்று சொன்னேனா, தலையை ஆட்டினேனா, நினைவில்லை. பஸ்ஸில் வரும்போது பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

ஜனவரி 18

அலமாரி காலி. சொன்ன நாளுக்குள் முடித்துவிட்டேன். மைதீன் பிச்சை புதுப் பலகை போட்டுக் கண்ணாடியும் பதித்துவிட்டார். "இப்பப் பாருங்க வாத்தியாரய்யா, தொறக்காமயே உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியுது" என்றார். கண்ணாடியில் நான்தான் இருந்தேன்.

ஜனவரி 21

வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். அருமைக்காரரிடம் மட்டும் தனியாகச் சொன்னால் போதாதா? அண்ணன் வீட்டுக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினால்? வரைவுகூட எழுதிவிட்டேன். நல்ல கடிதம். நயமான வாசகம்.

குழந்தையம்மாள் அதைப் படித்துப் பார்த்தாள். "நல்லா எழுதியிருக்கறீங்க. இதையும் அலமாரியில வெச்சுக்கலாம்" என்றாள்.

முந்நூறு பேர். அதில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், அல்லது அவர்களுடைய தகப்பன்மார். பொய் எழுதினால் பிரம்பால் அடித்தவன் நான்.

சொல்வேன். எழுதிப் படிக்கப் போவதில்லை. கார்டை மட்டும் கையில் வைத்துக்கொள்வேன்.

ஜனவரி 25, திங்கள்

சொல்லிவிட்டேன்.

அருமைக்காரர் இணைச்சீருக்கு நேரமாயிற்று என்றார். மாரியாத்தாள் பந்தல் காலருகே வந்து நின்றாள், சேலையைத் தொடவில்லை. நான் எழுந்தேன். மேளக்காரர்களை நிறுத்தச் சொன்னேன். பின்னால் யாரோ, "வாத்தியாரு பாடம் எடுக்கப் போறாரு, கையக் கட்டிக்கங்கடா" என்றான். சிரித்தார்கள். கார்டைப் படித்தேன். தேதியை இரண்டு தடவை படித்தேன். "தந்தி செவ்வாய்க்கிழமை வந்தது. நான்தான் வரவில்லை. புதன்கிழமை என்று உங்களிடம் சொன்னது பொய். எங்கள் அண்ணன் பொழுது சாயும்வரை எனக்காகக் காத்திருந்துவிட்டுத்தான் கொள்ளி வைத்தார்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. ஒரு கிழவி மட்டும் காது கேட்காமல், "என்ன சொல்றான், என்ன சொல்றான்?" என்று பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். அவளுக்காக மறுபடியும் சொன்னேன், உரக்க. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "போதும், போதும். புள்ளைங்களுக்கு நேரமாச்சு" என்றார்.

மாரியாத்தாள் சேலைத் தலைப்பை எடுத்துக்கொண்டாள். நஞ்சுண்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல இருந்தேன்.

ஜனவரி 28, வியாழன்

அண்ணன் கல்யாணத்தன்றே ஊருக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் தனியாக ஒன்றும் பேசவில்லை. குழந்தையம்மாளிடம், "தம்பி இளைச்சுப் போயிட்டான், பாத்துக்க" என்றாராம். மாரியாத்தாள் மட்டும் மருமகளுக்குத் துணையாக மூன்று நாளாக இங்கே இருக்கிறாள்.

இன்று இரண்டு பேரும் சேலைகளை அலமாரியில் அடுக்கினார்கள். பட்டு மேல் தட்டில்தான் இருக்க வேண்டும், கீழே ஈரம் ஏறும் என்று வாசலில் நின்று சொன்னேன். கேட்டுக்கொண்டு, கைக்கு எட்டுகிற தட்டில் வைத்தாள் மாரியாத்தாள். குழந்தையம்மாளின் சேலைகளுக்கும் ஒரு தட்டு ஒதுக்கினாள். அப்படிச் செய்யச் சொல்லி அவளிடம் யாரும் கேட்கவில்லை.

மூலையில் என் டிரங்குப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது என்னதுங்க?" என்றாள். அண்ணன் கட்டு இப்போது அதில் இல்லை. முந்தாநாள் அவளிடமே கொடுத்துவிட்டேன், அடுப்புக்கோ எதற்கோ. மற்றவை இருக்கின்றன.

"ஒரு தலைமையாசிரியர்" என்றேன்.

"செத்துட்டாருங்களா?"

"இல்லை. நன்றாகத்தான் இருக்கிறார். அதில் தவறு முழுக்க அவருடையது. தேதி பார்த்துவிட்டேன்."

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கட்டும். உண்மையைத்தான் சொன்னேன்.

மாரியாத்தாளின் வாயில் இன்னும் சித்தப்பா என்று வரவில்லை. ஏனுங்க என்றுதான் கூப்பிடுகிறாள். ஏனுங்க என்றால் நானும் திரும்புகிறேன். நாளைக் காலை அவளையும் குழந்தையையும் நானே கொண்டுபோய்ப் பல்லடம் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆறரை மணிக்கு பஸ். ஐந்தரைக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும்.